பூனைக்குச் சீனி வருத்தம்: இன்சுலினைக் கூட்டுவதா, குறைப்பதா?

கண்டிப் பக்கம் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். இன்சுலினைத் தொடங்குவதும் முதல் அளவைச் சொல்வதும் உங்கள் மிருக வைத்தியரின் வேலை. அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஹட்டன்: டொக்டர், எங்கள் கடுவன் ஐந்து கிலோ. கிளார்ஜின் இன்சுலின் காலையில் 1 யூனிட், மாலையில் 1 யூனிட் போடுகிறோம். நாலு நாளாகிறது. இன்று காலை ஊசிக்கு முன்னால் பார்த்தால் சீனி 340 (mg/dL). இரண்டு யூனிட் ஆக்கிவிடவா?

வேண்டாம். கிளார்ஜின் உடம்பில் சீராகப் பிடிக்க ஐந்து முதல் ஏழு நாளாகும்; அதற்குள் அளவை மாற்றினால் எது எதனால் என்றே தெரியாமல் போய்விடும். அதோடு, ஊசிக்கு முன் பார்க்கும் எண் என்பது முந்தைய ஊசியின் வேகம் அடங்கிய நேரத்து எண். அது கூடத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டு ஊசிகளுக்கு நடுவே சீனி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது.

ஒரு வாரம் முடிந்ததும் போயா லீவு மாதிரி வீட்டில் இருக்கும் நாளில் காலை ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு மாலை ஊசி வரைக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். சாப்பாடு வழக்கம்போல. மிகக் குறைந்த எண் 150க்கு மேலே நின்றால் அரை யூனிட் கூட்டுவதைப் பற்றி வைத்தியரிடம் பேசலாம். 80க்கும் 150க்கும் இடையில் என்றால் கை வைக்கவே வேண்டாம், காலை எண் எவ்வளவு என்றாலும் சரி. 80க்குக் கீழே இறங்கினால் குறைக்க வேண்டும். கூட்டினால் அரை யூனிட், பிறகு மறுபடி ஒரு வாரம் பொறுமை. ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவுவது ஒரே நாளில் மருந்தை இரட்டிப்பாக்குவது. அளவு மீறிய இன்சுலினால் சீனி தாழ்ந்து, உடம்பு அதை எதிர்த்து மேலே தள்ளுவதும் உண்டு. அதைப் பார்த்து இன்னும் கூட்டுகிறவர்கள்தான் நடு இரவில் ஓடி வருகிறார்கள்.

தலவாக்கலை: அப்பாவின் மீற்றரில் பூனைக்குப் பார்க்கலாமா? காதில் குத்தினால் இரத்தமே வரவில்லை.

பார்க்கலாம். மனிதருக்கான மீற்றர் பூனையின் சீனியைப் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றி வேறு மீற்றர் பாவிக்காதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் காது விறைத்துப்போய் இருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு தாங்குமா என்று உங்கள் கையில் பார்த்துவிட்டு, அரை நிமிடம் காதில் ஒற்றுங்கள். காதோரம் ஓடும் இரத்த நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள்.

வீட்டில் பார்ப்பதைத்தான் நானும் அதிகம் நம்புவேன். உரப்பையில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்த பூனைக்குப் பயத்திலேயே சீனி 300ஐத் தாண்டிவிடும்.

பதுளை: வெளிநாட்டிலிருந்து அண்ணா கொண்டுவந்த கனின்சுலினைப் போடச் சொன்னார் எங்கள் வைத்தியர். பார்மசியில் இருப்பது 100 என்று போட்ட சிரிஞ்ச். பரவாயில்லையா தங்கச்சி?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அக்கா. கனின்சுலின் மிருகங்களுக்கான இன்சுலின், அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட். மனிதருக்கான கிளார்ஜினில் 100. உங்கள் சிரிஞ்சில் 1 யூனிட் கோடு வரை கனின்சுலினை இழுத்தால் பூனைக்குப் போவது 0.4 யூனிட்தான். "போட்டும் குறையவில்லையே" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வரும், அன்றைக்கு ஆபத்து. திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: 100 இன்சுலினை 40 சிரிஞ்சில் 1 யூனிட் கோடு வரை இழுத்தால் 2.5 யூனிட். கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்தான், கனின்சுலின் 1 யூனிட்டுக்கு 100 சிரிஞ்சில் இரண்டரை யூனிட் கோடு. ஆனால் விடிகாலையில் தூக்கக் கலக்கத்தில் செய்யும் வேலைக்குக் கணக்கு சரிவராது. 40 சிரிஞ்சையே வரவழையுங்கள். அது வரும்வரை என்ன செய்வது என்று வைத்தியரைக் கேட்டு, அவர் சொல்லும் கோட்டைப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

பண்டாரவளை: அம்மாவுக்கு கிளினிக்கில் தரும் மிக்ஸ்டாட் இன்சுலின் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

போடாதீர்கள். அதில் 30 வீதம் வேகமாக வேலை செய்யும் இன்சுலின். பூனையின் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும்.

மஸ்கெலியா: லயத்துக் காம்பராவில் பிரிட்ஜ் இல்லை டொக்டர், கரண்டும் அடிக்கடி போகும்.

திறந்த கிளார்ஜின் 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும். உங்கள் ஊர்க் குளிர் போதும். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் சன்னலிலும் வைக்காதீர்கள். திறக்காத போத்தலுக்குத்தான் பிரிட்ஜ் வேண்டும், 2 முதல் 8 பாகை. தெரிந்த கடையிலோ வீட்டிலோ வைக்கச் சொல்லலாம். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துபோனால் எறிந்துவிடுங்கள். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் வேண்டாம்.

நுவரெலியா: இன்று சாப்பிடவில்லை. ஊசி போடவா?

முதலில் சீனியைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கியவர் என்றால், 200க்குக் கீழே இருந்தால் போடாமல் வைத்தியருக்குக் கோல் எடுங்கள். ஒரு ஊசி தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. தவறியதைச் சேர்த்து அடுத்த முறை இரட்டிப்பாகப் போடவே கூடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாமல் விட்டுவிடுங்கள். ஆனால் சீனி கூடவே இருந்து, வாந்தியும் எடுத்து, சுருண்டு படுத்திருந்தால் அது வேறு கதை. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஹப்புத்தளை: ஊசி போட்டு நாலைந்து மணித்தியாலத்தில் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. பிறகு சரியாகிவிட்டது. அதே அளவைத் தொடரலாமா?

தொடரக் கூடாது. சீனி தாழ்ந்திருக்கிறது. அடுத்த ஊசிக்கு முன் வைத்தியரிடம் பேசுங்கள், பெரும்பாலும் பாதியாகக் குறைப்பார். இனி வந்தால், அல்லது மீற்றரில் 60க்குக் கீழே கண்டால், குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் குழைத்தோ தேனையோ முரசில் தடவுங்கள். கித்துள் பாணிதான் கைக்கு எட்டியது என்றால் அதுவே சரி. நினைவில்லாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். வலிப்பு வந்தால் பற்களுக்கு நடுவே விரல் வேண்டாம். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து, உடனே வைத்தியரிடம் புறப்படுங்கள். இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை கிட்ட என்றால் அங்கே போகலாம்.

வெலிமடை: பாகற்காய்ச் சாறு?

வேண்டாம். பூனையும் குடிக்காது.

கொட்டகலை: இவளுக்குச் சோறும் நெத்தலியும்தான், காலையில் கொஞ்சம் பால்தேத்தண்ணி. இனி டின் சாப்பாட்டுக்கு மாற்றப் போகிறோம். ஊசியும் மாற வேண்டுமா? மாறினால் வருத்தம் போய்விடுமா?

நல்ல யோசனை, ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சோறு குறைந்தால் சீனியும் குறையும்; பழைய அளவு ஊசி அப்போது கூடிப்போகும். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அந்த நாட்களில் அடிக்கடி சீனி பாருங்கள். தேத்தண்ணியை நிறுத்துங்கள். தோல் அரிப்புக்கு ஸ்டீரொயிட் ஊசி ஏதும் போட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதனாலும் சீனி ஏறும்.

சில பூனைகளுக்கு, முக்கியமாக ஆரம்பத்திலேயே ஒழுங்காகப் பார்த்தவற்றுக்கு, சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். எண்கள் தொடர்ந்து கீழே வந்தால் அரை அரை யூனிட்டாக வைத்தியர் இறக்குவார். நின்ற பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். தண்ணீர்க் கோப்பை சீக்கிரம் காலியாகத் தொடங்கினால் அன்றைக்கே பாருங்கள்.