கடலோர வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வெளிவிளக்குகளை எப்படித் திட்டமிடுவது?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருப்பதாகவும், முன்புறம் அரை கிரவுண்டு தோட்டத்துக்கு விட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுற்றுச்சுவருக்கு எட்டு விளக்குகள், கேட்டுக்கு இரண்டு ஃபோகஸ் லைட், தென்னை மரங்களுக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஒளி என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்த பட்டியல் சரிதானா என்பது உங்கள் கேள்வி. அதே உப்புக்காற்றில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருந்து, வெளிவிளக்குகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டியலில் பாதியை அடித்துவிடலாம், மிச்சமாகும் பணத்தை வயருக்கும் போர்டுக்கும் செலவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்பு, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கேட்டிலிருந்து வாசற்படி வரையிலும், அங்கிருந்து துணி உலர்த்தும் இடம், மோட்டார் சுவிட்ச், பின்கதவு வரையிலும் நடந்து பாருங்கள். கையில் டார்ச் இருக்கட்டும், ஆனால் முடிந்தவரை எரிக்காதீர்கள். கால் தயங்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித் தயங்கிய இடங்கள் ஐந்து. அதற்கு முன்பே நான் வாங்கி மாட்டியிருந்த விளக்குகள் பதினொன்று.

அந்தப் பதினொன்றில் மிக மோசமானது கேட்டுத் தூணின் மேல் வைத்த 50 வாட் ஃபோகஸ் லைட். வருபவர்கள் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்த இரவில்தான் என் அப்பா வாசற்படியின் கடைசிப் படியைத் தவறவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். கூசும் ஒளி நேராகக் கண்ணில் படும்போது கண்மணி சுருங்கிவிடுகிறது; அதனால் பக்கத்திலிருக்கும் நிழல் உண்மையில் இருப்பதைவிட இருட்டாகத் தெரிகிறது. திண்ணை வைத்த பழைய வீடுகளில் விளக்குமாடத்தைச் சுவருக்குள் குடைந்து வைத்திருப்பார்கள். காற்றில் சுடர் அணையாமலிருக்கச் செய்த ஏற்பாடுதான் அது. என்றாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் சுடர் படாது, வெளிச்சம் மட்டும் முன்னால் விழும். இப்போது எங்கள் படியின் பக்கச்சுவரில், முழங்காலுக்குக் கீழே, தரையை மட்டும் பார்க்கும்படி 3 வாட் விளக்கு ஒன்று பதிந்திருக்கிறது. விளிம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அப்பாவும் அதன்பின் தடுமாறவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, வார்ம் ஒயிட் எனப்படும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளியையே கேட்டு வாங்குங்கள். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் கூல் டே லைட். நீலம் மிகுந்த அந்த ஒளிக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும். ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில் அதன் கீழே ஈசல் இறகுகளை முறத்தால் அள்ளியிருக்கிறேன். ஈசலுக்குப் பின்னால் பல்லி வரும், பல்லிக்குப் பின்னால் சுவரில் எச்சம் வரும்.

உப்பு எதையும் விட்டுவைக்காது. இரும்பில் பவுடர் கோட்டிங் கொடுத்த அழகான சுவர் விளக்கு ஒன்றை வாங்கினேன். இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் திருகுகளின் தலையிலிருந்து டிகாஷன் நிறத்தில் கோடுகள் வடிந்து, புது வெள்ளைச் சுவரில் ஓரடி நீளத்துக்கு இறங்கிவிட்டன. அலுமினிய உடலில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால், இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்ந்து, திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆகவே கெட்டியான பிளாஸ்டிக் உடல் கொண்டதோ பித்தளையோ நல்லது. எவர்சில்வர்தான் வேண்டுமென்றால் 304 போதாது, 316 ரகம் என்று கேளுங்கள். பெட்டியில் ஐபி 65 என்று போட்டிருந்தால் தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். தரையோடு பதிக்கும் விளக்குக்கு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி 67 வேண்டும். வயர் நுழையும் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை. வயரை மேலிருந்து நேராக இறக்காமல், கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றி நுழைத்துவிடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

வயரிங்கைப் பற்றி நான் படித்த பாடம் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வந்தது. தோட்டத்தில் முழங்கால் அளவு நீர் நின்று வடிந்தது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் எங்கள் மெயின் போர்டிலிருந்த ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், நிற்கவே இல்லை, தூக்கிவிட்ட கணத்தில் விழுந்தது. தோட்ட விளக்குகளின் சுவிட்சை அணைத்தும் விழுந்ததால் கோளாறு அங்கே இல்லை என்று முடிவுகட்டி, ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் சந்தேகப்பட்டு ஒரு நாளைத் தொலைத்தோம். சாதாரண விளக்கு சுவிட்ச் துண்டிப்பது கரண்ட் வரும் ஃபேஸ் வயரை மட்டுமே. மல்லிகைப் புதருக்கடியில் வெறும் டேப் சுற்றிப் புதைத்திருந்த ஒரு ஜாயின்ட்டில், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஜாயின்ட்டால் வீடு முழுவதும் இருண்டது. எனவே வெளிவிளக்குகளுக்குத் தனி லைன், தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் எம்சிபி (சுமை மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மண்ணுக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. எல்லா ஜாயின்ட்டும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுவரில் இருக்கும் பெட்டிக்குள் வரட்டும். வயர் போகும் குழாயை இரண்டடி ஆழத்தில் போட்டு மேலே செங்கல் வரிசை ஒன்றைப் பரப்பினால், பின்னாளில் மண்வெட்டி பிடிப்பவருக்கு அதுவே எச்சரிக்கை.

செடிகளுக்கிடையே வைக்கும் விளக்குகளுக்கு 12 வோல்ட் பாதுகாப்பானது, ஆனால் தூரம் அதற்குப் பகை. 30 வாட் விளக்குகளை 20 மீட்டர் தள்ளி 1.5 சதுர மி.மீ. வயரில் எரித்தால் வழியிலேயே சுமார் 1.2 வோல்ட் தொலைந்துவிடும், 2.5 போட்டால் முக்கால் வோல்ட்டில் அடங்கும். சோலார் விளக்குகள் மாசியில் நன்றாக எரியும். நமக்கு வெளிச்சம் அதிகம் தேவைப்படும் கார்த்திகை மழை நாட்களில் ஏழு மணிக்கே மங்கும். சென்சார் விளக்கு பின்கதவுக்குப் பொருத்தம். ஆனால் அது உடல் வெப்பத்துக்கும் சூழலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே ஆளை அறிவதால், சுவர் சுடும் மே மாத இரவுகளில் பக்கத்தில் வந்த பிறகுதான் விழிக்கும்.

மொட்டைமாடியில் கடலைப் பார்த்து விளக்கு வைக்காதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சுகள் வெளிவரும் காலம். வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி ஊரும் குஞ்சுகள் தெருவுக்கு வந்துவிடும்.

கடைசியாக அந்தத் தென்னை விளக்குகள். கீழிருந்து மேலே அடிக்கும் ஒளி படத்தில் அழகுதான். ஆனால் மட்டையும் நெற்றும் விழும் இடத்தில்தான் அந்தக் கண்ணாடியையும் வைக்க வேண்டியிருக்கிறது. நான் வைத்த இரண்டில் ஒன்றின் கண்ணாடியை மூன்றாம் மாதமே ஒரு நெற்றுத் தேங்காய் நடுவில் பிளந்தது. மற்றொன்றைப் பிடுங்கி, கிணற்றடியில் தரையைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அங்கே அது நன்றாக உழைக்கிறது.