பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையை நிறுத்தினால் கடன் தீருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் மணலியில் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். கைக்கு வரும் சம்பளம் 34,000. நான் பிளவுஸ் தைப்பதில் 10,000 வரை வரும். மகளுக்கு 9 வயது, வரும் மார்ச்சில் 10 முடிகிறது. மகனுக்கு 5. போன வருடம் மகனுக்குப் பெரியபாளையத்தில் மொட்டை போட்டுக் காது குத்தி, இங்கே மண்டபம் பிடித்துச் சாப்பாடு போட்டதில் 1,85,000 ஆனது. மொய் 70,000 வந்தது. மீதிக்கு நகையை ஃபைனான்சில் வைத்து 80,000, தினமும் கட்டும் தண்டலில் 30,000 வாங்கினோம். நகைக்கு மாதம் 1,000 வட்டி மட்டும் கட்டுகிறோம். தண்டல் முடிவதற்குள் ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி என்று ஏதாவது வந்து திரும்ப எழுதிவிடுகிறோம். மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளைகளை மால், பீச் என்று கூட்டிப்போவதில் 3,500 செலவாகிறது. அதை நிறுத்தி நகைச்சீட்டு போட்டு, மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு 3 லட்சம் சேர்க்கச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள் சகோதரி, முதலில் தண்டலைப் பார்ப்போம்.

30,000 என்று எழுதி 27,000 கையில் கொடுத்திருப்பார்கள். தினம் 300, நூறு நாள். 3,000தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். நூறு நாளும் 27,000 உங்களிடம் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதிக்கு மூன்று மாதத்தில் 3,000 என்று கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தினம் 300 என்றால் மாதம் 9,000. பிள்ளைகளுக்குச் செலவழிக்கும் 3,500 கண்ணில் படுகிறது, இந்த 9,000 படவில்லை. தினமும் தையல் காசிலிருந்து சில்லறையாகப் போவதால் அது செலவாகவே தெரிவதில்லை. வட சென்னையிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

இப்போது ஓடும் தண்டலை முடியும்வரை கட்டுங்கள். முடிந்த அன்று, ‘அக்கா, திரும்ப எழுதட்டுமா?’ என்று தண்டல்காரர் கேட்பார். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அதே 300ஐ எடுத்துவைத்து, மாதக் கடைசியில் பிரியுங்கள். 5,000 நகைக்கடன் அசலுக்கு. 2,500 ஸ்கூல் ஃபீஸுக்குத் தனிக் கணக்கில். ஜூன் மாதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்குக் கடன் தேவையில்லை. 1,500 அவசரத்துக்கு. இப்படிப் போனால் 16 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். முடிந்தால் அதற்குள் நகையை ஓர் அரசு வங்கிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் வட்டி குறையும். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள்.

அடுத்தது அவசரம். மகளுக்கு 10 வயது முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள். மார்ச் தாண்டினால் திறக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போனால் போதும். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய்தான், இப்போதைக்கு அதைக் கட்டியாவது திறந்து வையுங்கள். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. பத்தாவது முடித்தாலோ 18 வயதானாலோ மேற்படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும்; 2024 தொடக்கத்தில் 8.2 சதவீதமாக இருந்தது. வரியும் இல்லை.

மாமியார் சொல்லும் நகைச்சீட்டு, நகை வாங்கத்தான் உதவும். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் ரொக்கம் வேண்டுமே. கடை மூடிவிட்டால் அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோல 5 லட்சம் வரையிலான காப்பீடும் கிடையாது. விழாவுக்கு, மாதாமாதம் ஒரு தொகை கட்டிச் சேர்க்கும் வங்கி ஆர்.டி.தான் பொருத்தம். நகை மீண்ட பிறகு அந்த 5,000த்தையும் வட்டிக்குக் கட்டிய 1,000த்தையும் சேர்த்து மாதம் 6,000 போட்டால், இரண்டு ஆண்டில் 1,44,000மும் வட்டியும் வரும். விழாவின் அளவு அதுதான். அவள் அதற்கு முன்பே பெரிய மனுஷியாகிவிட்டால், அதுவரை சேர்ந்த தொகைக்குள் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீரோடு முடித்துக்கொள்ளுங்கள். மொய் வரும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். போன வருடம் வந்த 70,000மே நோட்டில் எழுதிவைத்த கடன்தான், ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்யத்தான் போகிறீர்கள். மூன்று லட்சம் பேச்சு எழும்போது மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தெருமுனையில் தன் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர், ஸ்கூல் பையன்கள் பார்க்க, எத்தனை பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இனி ஞாயிறு. 3,500ஐ 2,000 ஆக்கலாம், அதற்கும் கீழே போக வேண்டாம். உங்கள் பையனுக்கு 5 வயது. அப்பா அம்மாவோடு வெளியே வர அவனே கெஞ்சுவது இன்னும் சில வருடம்தான். மாலில் காசைத் தின்பது கேம் கார்டு. எப்போதும் அதில் 80, 90 மிச்சம் நிற்கும். அது வீணாகக்கூடாது என்று அடுத்த முறை 500 ரீசார்ஜ் செய்வோம். அதனால் மால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். மற்ற ஞாயிறுகளில் தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் விமான நிலையம் வரை போகலாம்; அந்த வயதுப் பையனுக்கு அதுவே டூர். வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய எஞ்சின்களும் குட்டி ரயிலும் உண்டு. மெரினாவுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் போனால் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை. சுண்டலையும் புளியோதரையையும் வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள், பஜ்ஜியை மட்டும் அங்கே வாங்குங்கள். மகள் கையில் 300 ரூபாய் கொடுத்து, இன்றைய செலவு உன் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். தம்பி பலூன் கேட்டால் அவள் பேரம் பேசுவதைக் கேட்கவே தனியாக நேரம் ஒதுக்கலாம்.

மிச்சமாகும் 1,500இல் 1,000 செல்வமகள் கணக்குக்கு. மீதி 500இல், உங்கள் கணவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் இந்த வாரமே சேருங்கள். இரண்டும் தலா 2 லட்சத்துக்குத்தான். யார்டில் லாரிகளுக்கு நடுவே வேலை செய்பவருக்கு அது போதாது. நகைக்கடன் பாதி குறைந்ததும் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு, எடுப்பதைப் பற்றி மறுபடி எழுதுங்கள், அவருடைய வயதையும் குறிப்பிட்டு.