தண்ணீரில் எது கரையும், எது கரையாது: கேள்வி பதில்

கேள்வி: சார், ப்யூட்டனால் என்ற ஆல்கஹால் தண்ணீரில் கரையுமா கரையாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: எந்த ப்யூட்டனால்? நேர்ச்சங்கிலியான 1-ப்யூட்டனால் அறை வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 75 கிராம்தான் கரையும். மூன்றாம்நிலை ப்யூட்டனாலோ எந்த விகிதத்திலும் கலந்துவிடும். இரண்டிலும் அதே 4 கார்பன், அதே ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி. ஆனால் மூன்றாம்நிலையின் உருண்டு திரண்ட மூலக்கூறு தண்ணீருக்குக் காட்டும் கார்பன் பரப்பு குறைவு. எந்த வெப்பநிலை என்று சொல்லாத கரைதிறன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: மலேயிக், ஃபியூமரிக் அமிலங்களுக்கு ஒரே வாய்ப்பாடு. கரைதிறனில் ஏன் 100 மடங்கு வித்தியாசம்?

பதில்: எல்லாரும் தண்ணீரையே பார்க்கிறார்கள், படிகத்தைப் பார்ப்பதில்லை. ஃபியூமரிக் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தெடுக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். மலேயிக்கில் ஒரு பிணைப்பு மூலக்கூறுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உருகுநிலைகளை ஒப்பிட்டாலே தெரியும்.

கேள்வி: எண்ணெயைத் தண்ணீர் விரட்டுகிறது, அவ்வளவுதானே?

பதில்: விரட்டவில்லை. இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. எண்ணெய் போலவே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட ஹைட்ரோகார்பனான திரவ பென்டேனை அறை வெப்பநிலையில் கரைத்தால் கொஞ்சம் வெப்பம் வெளியேறவே செய்கிறது. முட்டுக்கட்டை என்ட்ரோபிதான், அதாவது மூலக்கூறுகள் அமையக்கூடிய வழிகள் எத்தனை என்ற கணக்கு.

கேள்வி: டெர்ட்-ப்யூட்டனால் கரையுமா?

பதில்: மூன்றாம்நிலை ப்யூட்டனால்தான் அது. முதல் பதில்.

கேள்வி: என்ட்ரோபி என்றால், எண்ணெய் மூலக்கூறைச் சுற்றித் தண்ணீர் பனிக்கட்டிக் கூண்டு கட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

பதில்: இல்லை. 1945-இல் ஃபிராங்க், எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பனிப்பாறைப் படத்தை முன்வைத்தார்கள். என்ட்ரோபி குறைவது அளந்து கண்ட உண்மை. ஆனால் நியூட்ரான் சிதறல் சோதனைகளில் உறைந்த கூண்டு எதுவும் தென்படவில்லை. ஹைட்ரஜன் பிணைப்பை இழக்காமல் திசை மாற நீர் மூலக்கூறுக்கு அங்கே வழிகள் குறைவு, அவ்வளவே.

கேள்வி: ஃபீனாலின் கரைதிறன் 8 சரியா?

பதில்: 8 என்ன? லிட்டருக்கா, 100 மில்லிக்கா? எந்த வெப்பநிலையில்? சுமார் 66 டிகிரிக்கு மேல் அது எந்த விகிதத்திலும் கலக்கும். அங்கே உங்கள் 8-க்கு வேலையே இல்லை.

கேள்வி: சூடாக்கினால் எல்லாமே அதிகம் கரையும்தானே?

பதில்: இல்லை. ட்ரைஎத்திலமீன் என்ற திரவம் சுமார் 18 டிகிரிக்குக் கீழே தண்ணீரோடு முழுதாகக் கலக்கும், சூடாக்கினால் இரண்டு அடுக்காகப் பிரியும்.

கேள்வி: என் மாத்திரையை வெந்நீரில் கரைத்துக் குடிக்கலாமா?

பதில்: மருந்தாளரைக் கேளுங்கள்.

கேள்வி: மறுபடி நான்தான், கூண்டுக்காரன். வெப்பம் வெளியேறுகிறது என்றால், சூடாக்கும்போது ஹைட்ரோகார்பன் குறைவாகத்தானே கரைய வேண்டும்? இங்கே மாட்டிக்கொண்டீர்கள்.

பதில்: சரியான கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். குறையத்தான் செய்கிறது, ஓர் எல்லை வரை. வெப்பநிலை ஏற ஏற அந்த வெப்பக் கணக்கே குறி மாறிவிடும். பென்சீன் என்ற ஹைட்ரோகார்பன் மிகக் குறைவாகக் கரைவது அறை வெப்பநிலையை ஒட்டித்தான். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் கரைதிறன் கூடும்.