வாசகர் கேள்வி: துணைக்காலை 'ர' என்று வாசிக்கும் பிள்ளை

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணக்கில் கெட்டி. ஆனால் தமிழ்ப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், 'கொடி' என்பதைக்கூடக் 'கெர... டி' என்று தடவுகிறான். ஊரடங்கில் ஒன்றாம் வகுப்பு போனதுதான் காரணம் என்கிறேன் நான். "இத்தனை வருடம் கழித்தும் அதையே சொல்லாதே" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
— ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: காரணத்தை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள், அம்மா. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை, தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டபோது, இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்தான். 2022 ஜனவரியில் பள்ளி மீண்டும் மூடப்பட்டு, பிப்ரவரியில்தான் திறந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயது அதற்குள் கடந்துவிட்டது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மைதான். ஆனால் பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியும் விடியற்காலையில் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விட்ட குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே எத்தனை!

உங்கள் மகன் செய்வது சோம்பல் அன்று. 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்று. இதை யாராவது கைபிடித்துக் காட்டாவிட்டால், துணைக்காலை 'ர' என்று எண்ணுவது இயல்புதான். ஆகவே ஆறாம் வகுப்புப் புத்தகத்தைச் சில வாரங்கள் மூடி வையுங்கள். ஒரு தாளில் கெ, கே, கொ, கோ ஆகியவற்றை வரிசை மாற்றி எழுதி, நாளுக்குக் கால் மணி நேரம், தம்பி தங்கைகள் பக்கத்தில் இல்லாதபோது வாசிக்கச் செய்யுங்கள். (இந்த வயதில் வெட்கம்தான் பெரிய தடை.) பிறகு அதே வரிசையைத் த, ப, ம என்று மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கணவரின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை: காரணத்தைப் பிள்ளையின் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்தால், அவனும் அதையே பிடித்துக்கொள்வான். எழுத்துகள் தெளிந்த பிறகும் வரி தாவினால், எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தால், வகுப்பாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அது ஊரடங்கோடு தொடர்பில்லாத வேறு சிக்கலாக இருக்கலாம்.