டிஜிட்டல் மிக்ஸரை 96இல் ஓட்டலாமா?

மண்டபக் கச்சேரி, கோயில் திருவிழா, சின்ன ஸ்டூடியோ என்று கொழும்பில் ஒலி வேலை பார்க்கிறவர்கள் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை மாதிரிகளாக, அதாவது சாம்பிள்களாக, எடுக்கிறது என்ற எண்) பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, பாவிச்ச யமஹா 01வி96 ஒன்று வாங்கினேன். 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினதும் நாலு எஃபெக்டில் இரண்டைக் காணவில்லை. ஏடாட் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக வந்த எட்டு மைக்கில் நாலுதான் கேட்குது. பழுதா?

பழுதில்லை தம்பி, அந்த மிக்ஸர் 96இல் அப்படித்தான். நொடிக்கு 48,000 மாதிரிகளைக் கணக்குப் போட்ட சிப் இப்போது அதே நொடிக்குள் 96,000 போடவேண்டும். அதனால்தான் எஃபெக்ட் பாதியானது. ஏடாட் 48 வரைக்கும் என்று வகுத்த வழி. 96இல் ஒரு சனலின் மாதிரிகளை இரண்டு சனலுக்குரிய இடத்தில் பிரித்து அனுப்பவேண்டும். இதற்கு எஸ்மக்ஸ் என்று பெயர். மறுமுனையில் உள்ள, மைக் சத்தத்தைப் பெருக்கி அனுப்பும் ப்ரீஆம்புக்கும் எஸ்மக்ஸ் தெரிந்திருக்கவேண்டும். மாடி (MADI) என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பிலும் இதே கணக்குத்தான்: 48இல் 64 சனல், 96இல் 32.

கச்சேரியில் பாட்டுக்கு ஒரு ரிவேர்ப், மிருதங்கத்துக்கு ஒன்று போட்டாலே உங்கள் இரண்டும் முடிந்துவிடும், வயலினுக்கு ஒன்றும் மிஞ்சாது. மேடை வேலைக்கு 48இல் வையுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மிக்ஸரையும் லப்டொப் இன்டர்ஃபேஸையும் டிஜிட்டலாக இணைத்தால் இடைக்கிடை 'டிக்' என்று கேட்குது. 96இல் பதிந்தால் சரியாகுமா?

ஆகாது. இது குளொக் பிரச்சினை, அதாவது சாம்பிள் எடுக்கும் வேகத்தை நடத்தும் உள் கடிகாரத்தின் பிரச்சினை. இரண்டு கருவியும் தன் தன் குளொக்கில் ஓடினால், எண் ஒன்றாக இருந்தாலும் வேகம் இம்மியளவு வேறுபடும். ஒன்று மற்றதை முந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சாம்பிள் தவறும், அதுதான் அந்த 'டிக்'. ஒன்றை மாஸ்டராக வைத்து, மற்றதை டிஜிட்டல் இன்புட்டிலிருந்தோ, குளொக்கை மட்டும் தனிக் கேபிளில் அனுப்பும் வேர்ட் குளொக்கிலிருந்தோ குளொக் எடுக்கச் சொல்லுங்கள். வேர்ட் குளொக்குக்கு 75 ஓம் கேபிள்தான் போடவேண்டும், கடைசிக் கருவியில் டெர்மினேஷனும் (கேபிள் முடிவில் போடும் 75 ஓம் தடை) இருக்கவேண்டும்.

தவில் அடிக்கும்போது இந்த 'டிக்' மறைந்துவிடும். ஆகவே பாட்டை வைத்துச் சோதிக்கவேண்டாம். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை அந்த இணைப்பு வழியாக அனுப்பி, ஹெட்போன் போட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒரே ஒரு சாம்பிள் தவறினாலும் பிடிபடும்.

இன்னொன்றும் நடக்கும். 48இல் பதிந்த ஃபைலை, ரேட் மாற்றாமல் 44.1இல் ஓடும் கருவியில் போட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். 5 கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் வந்து நிற்கும். பாடகி மேல் பழி போடுவதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: வீணையும் குரலும் பதிகிறோம் அண்ணா. 96இல் பதிந்தால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா?

இறுதி ஃபைலில் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன் தங்கச்சி. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. ரேட்டில் பாதி வரைக்கும் பதியும், ஆகவே 48இல் பதிந்தாலே 24 வரைக்கும் இடம் இருக்கிறது. எஸ்எம்58 போன்ற மைக் 15 வரைதான் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். மைக் எடுக்காததை மிக்ஸர் எங்கிருந்து கொண்டுவரும்? பதிந்ததைப் பிறகு மெதுவாக்கவோ சுருதி மாற்றவோ போகிறீர்கள், நல்ல கண்டென்சர் மைக்கும் இருக்கிறது என்றால் 96 உதவும். சாச்சுரேஷன் (ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் சிதைத்துத் தடிப்பாக்குவது) போன்ற பிளகின் நிறையப் போடுகிறவர்களுக்கும் பயன் உண்டு.

வீணைக்கு 24 பிட்தான் (ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்ற எண்) முக்கியம். ஒரு மீட்டில் கமகம் போட்டு நாதம் அடங்கி அடங்கிப் போகும் அந்தக் கடைசிப் பகுதி, மிக மெல்லிய சத்தம். 24 பிட்டில் பதிந்தால் லெவலை மைனஸ் 18 டெசிபெல் அளவில் தாராளமாகக் குறைத்து வைத்தாலும் அது இரைச்சலுக்குள் மூழ்காது. பிறகு அறையைக் கவனியுங்கள். காலி வீதிப் பக்கத்து ஜன்னல் வழியாக வரும் பஸ் சத்தத்தை எந்த ரேட்டும் குறைக்காது. மிச்சக் காசை ஜன்னலை இறுக்கி அடைக்கப் போடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: அப்படியென்றால் 96 மிக்ஸர் வாங்குவதே வீணா?

இல்லை, இன்இயர் (காதுக்குள் வைத்துக் கேட்கும் மொனிட்டர்) பாவிக்கிற குழுவுக்கு நல்ல பயன் உண்டு. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வேர்ட்டரின் தாமதம் இத்தனை சாம்பிள் என்ற கணக்கில் வருவது. ரேட் இரட்டித்தால் நேரம் பாதி. தன் குரலை எலும்பு வழியாகவும் இன்இயர் வழியாகவும் ஒரே நேரத்தில் கேட்கிற பாடகருக்கு ஒரு மில்லிசெக்கன் மாறினாலும் குரலின் நிறம் மாறும். தரையில் வைத்த மொனிட்டர் என்றால் கவலை வேண்டாம், இரண்டு மீட்டர் தூரத்தைக் கடக்கவே சத்தத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிசெக்கன் வேண்டும்.

இப்போதைய மிக்ஸர்கள் எல்லாம் 01வி96 மாதிரி பாதியாவதும் இல்லை. அலன் அண்ட் ஹீத் எஸ்கியூ எப்போதும் 96இல்தான் ஓடும், 48 சனலும் கிடைக்கும். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 48க்கு மேல் போகாது, ஆனால் மண்டப வேலைக்கு அது தாராளமாகக் காணும்.

மருதானையிலிருந்து: 16 சனலை 96இல் பதிந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்?

24 பிட்டில் மணிக்கு 16.6 ஜிபி, 48இல் அதில் பாதி. மூன்று மணிக் கச்சேரிக்கு 64 ஜிபி கார்ட் காணும். கார்டை FAT32 என்ற முறையில் ஃபோர்மட் செய்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 16 சனலும் ஒரே ஃபைலில் போனால் பதினைந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். உங்கள் ரெக்கோடர் தானாகவே அடுத்த ஃபைலைத் தொடங்குகிறதா என்று கச்சேரிக்கு முதல்நாளே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.