எக்மோ வசதிக்காக வீடு மாறலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். இதயம் நின்றுபோனாலும் எக்மோ இருந்தால் பிழைக்க வைக்கலாம் என்கிறார்கள். அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு மாறலாமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோது வைத்தார்களே, அதே கருவிதான் எக்மோ. தொடை இடுக்கில் சிரைக்குள் ஒரு குழாய், தமனிக்குள் ஒரு குழாய். வெளியே இழுத்த ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி, பம்ப் திருப்பி அனுப்பும். நின்ற இதயத்தை அது ஓட வைக்காது. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அந்த இடைவெளியில் ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுக்கலாம், அவ்வளவுதான். ரத்தக்கசிவு, குழாய் போட்ட காலில் ரத்த ஓட்டம் குறைவது என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. செலவு லட்சக்கணக்கில்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், நெஞ்சில் மின் ஷாக் கொடுத்தும் இதயத் துடிப்பு திரும்பாதவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. எக்மோ பிரிவில் 14 பேரில் 6 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், வழக்கமான சிகிச்சையில் 15 பேரில் ஒருவர்தான். ஆனால் 2023-இல் நெதர்லாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தபோது, மூளை நன்றாக இருக்கும் நிலையில் 30 நாள் தாண்டியவர்கள் 20%, எக்மோ இல்லாமல் 16%. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. என் கணிப்பில், மினியாபொலிஸில் ஜெயித்தது கருவி மட்டுமல்ல, இதையே தினசரி வேலையாக வைத்திருந்த குழுவும்தான்.

அதோடு எல்லோருக்கும் இதை வைக்க மாட்டார்கள். விழுந்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும், அந்த நிமிடமே நெஞ்சை அமுக்க ஆரம்பித்திருக்க வேண்டும், சுமார் ஒரு மணி நேரத்துக்குள் கருவி ஓட வேண்டும். சும்மா தூக்கிப் போட்டுக்கொண்டு காரில் பறந்தால், ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்தாலும் மூளை அதற்குள் போயிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்டென்ட் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். 24 மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். நெஞ்சுவலி வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அப்புறம் சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கும் முதலுதவி. ஆள் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, நடு நெஞ்சில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள். கட்டிலில் வைத்து அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும், தரையில் இறக்கிவிடுங்கள். பகலில் அப்பாவோடு வீட்டில் இருப்பது அம்மாவாக இருந்தால், முதலில் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டியது அவரைத்தான்.