களி, சோறு, மாம்பழம்: மாவுச்சத்து குறித்த கேள்வி பதில்

கேள்வி (பென்னாகரம்): அம்மா, சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும் சோற்றை நிறுத்திவிட்டு இருவேளையும் ராகிக் களி சாப்பிடுகிறேன். இருந்தும் சாப்பிட்ட பின் பார்க்கும் அளவு குறையவில்லையே, ஏன்?

பதில்: ராகியின் மேல் நமக்குள்ள நம்பிக்கை நியாயமானதுதான். 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 11 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. ஆனால் மாவுச்சத்து ராகியில் 67 கிராம், அரிசியில் 78 கிராம். நாம் நினைக்குமளவுக்கு வேறுபாடு பெரிதல்ல. போதாக்குறைக்கு, நம் பக்கத்தில் முதலில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன் பிறகே ராகி மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுகிறோம். நைசாக அரைத்த மாவு நன்றாக வெந்துவிடுவதால் விரைவில் செரிக்கிறது. உருண்டையை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதால் எவ்வளவு உண்டோம் என்பதும் தெரிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அதன் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நோய் வாய்ப்பு குறைவதில்லை என்றும் காட்டியது. ஆகவே நொய்யை விட்டுவிடுங்கள், உருண்டையைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தைக் கீரைக் கடைசலும் கொள்ளும் முட்டையும் நிரப்பட்டும். மாத்திரை எடுப்பவர் என்றால், இந்த மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): எடை குறைய மாவுச்சத்தை அடியோடு விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். மாவுச்சத்து செரித்துக் கிடைக்கும் குளுக்கோஸைக் கொண்டே மூளை பெரும்பாலும் இயங்குகிறது. நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்து தேவை என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. முதல் வாரத்தில் எடை சட்டென இறங்குவதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் கரையும்போது அதனோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுவதே அதற்குப் பெரிதும் காரணம். கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. இனிப்பு, மைதாப் பண்டங்கள், குளிர்பானம் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): சொந்தத் தோப்பு இருந்தும் மாம்பழத்தைத் தொடக்கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை.

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். 100 கிராம் மாம்பழத்தில் மாவுச்சத்து சுமார் 15 கிராம்தான். வயிறு நிறையச் சோறு உண்ட கையோடு இரண்டு பழம் சாப்பிடுவதுதான் பிழை. பழத்தைச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடாமல் மாலைச் சிற்றுண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கூழாக்கிச் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்த மாம்பழச் சாற்றின் கணக்கு வேறு. அதிலுள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தனிச் சர்க்கரையாகவே, அதாவது முழுப் பழத்தில் இருப்பது போலன்றி உணவில் சேர்த்ததாகவோ சாறாகப் பிரிந்ததாகவோ வரும் சர்க்கரையாகவே, கருதுகிறது. அத்தகைய சர்க்கரை நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள், இருக்க வேண்டும் என்கிறது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (அரூர்): இரவில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மட்டும் போதுமா?

பதில்: போதாது. அதில் புரதம் 100 கிராமுக்கு 1 கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்போ வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மரவள்ளியிலிருந்து செய்யும் ஜவ்வரிசியும் கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்துதான் என்பதால், குழந்தைக்கு அதன் கஞ்சியை அன்றாட உணவாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பாலக்கோடு): என் அம்மா நாள் முழுவதும் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவரும் சோற்றைக் குறைக்க வேண்டுமா?

பதில்: நோய் ஏதும் இல்லையென்றால் வேண்டியதில்லை. குனிந்து நிமிர்ந்து உழைக்கும் தசைக்கு மாவுச்சத்தே முதன்மையான எரிபொருள். உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் சொல்லும் அறிவுரையை அவர் தட்டில் வைப்பது அநியாயம். காலையில் வெறும் காப்பியோடு தோட்டத்துக்குப் போகிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் ராகிக் கூழில் மோர் ஊற்றி, கையில் ஒரு பிடி வறுத்த கடலையும் கொடுத்து அனுப்புங்கள்.